ஓடிய கிலோமீட்டரைவிட நின்ற தெருவைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறோம். கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியாரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது சிரமமாக இருப்பதால், நான்கு லட்ச ரூபாய்க்குள் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று பார்க்கிறோம். தெரிந்த புரோக்கர் ஒருவர் 2018 மார்ச்சில் பதிவான பெட்ரோல் கார் ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஒரே உரிமையாளர், 41,000 கிலோமீட்டர், விலை 3 லட்சத்து 85 ஆயிரம். ஆர்.சி.யில் கொளத்தூர் முகவரி இருக்கிறது. புது சீட் கவர், புது மேட் எல்லாம் போட்டு வண்டி பளபளவென்று இருக்கிறது. 25,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். "ஃபாரத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன், பெயர் மாற்றத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். கிலோமீட்டர் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வாசகி, காலடிப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முழுவதும் படிப்பதற்கு முன்பே நீங்கள் அனுப்பிய இன்ஷூரன்ஸ் நகலை எடுத்துப் பார்த்துவிட்டேன். விபத்திலும் வெள்ளத்திலும் சேதமான வண்டிகளுக்கு இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வேலையில் இருப்பவனுக்கு அது பழக்கதோஷம். 2025 மார்ச் முதல் 2026 மார்ச் வரையிலான அந்தப் பாலிசியில், பிரீமியக் கணக்கின் நடுவே சின்ன எழுத்தில் "நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கிறது. கிலோமீட்டரைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு ஆண்டு முழுவதும் இழப்பீடு கேட்காமல் பாலிசியைப் புதுப்பித்தால், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து கேட்காமல் இருந்தால் அது ஆண்டுதோறும் 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஒரு முறை இழப்பீடு வாங்கிவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 2018 மார்ச்சில் வாங்கி ஒரே உரிமையாளரின் கையில் இருந்த வண்டிக்கு, எந்த இழப்பீடும் வாங்கப்படவில்லை என்றால், 2023 மார்ச்சிலேயே 50 சதவீதம் வந்திருக்க வேண்டும். இப்போது 20 என்றால், 2024 மார்ச்சில் அது பூஜ்ஜியமாக இருந்திருக்கிறது என்று பொருள். அதாவது 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் ஓர் இழப்பீடு வாங்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள்தான் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை பெய்து, கொளத்தூரிலும் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது.

இதை வைத்து அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பின் பம்பரில் யாரோ இடித்ததற்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கியிருந்தாலும் போனஸ் இதேபோலத்தான் பூஜ்ஜியமாகும். பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாட்களுக்கு மேல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். எனவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "2023–24 பாலிசியில் எதற்காகக் கிளெய்ம் வாங்கினீர்கள், அந்த ரிப்பேர் பில்லைக் காட்ட முடியுமா?" பாலிசிதாரரான அவர் கேட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்த விவரத்தைக் கொடுக்கும். மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு இது ஒரு மின்னஞ்சல் வேலை. புரோக்கர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், உரிமையாளரிடமே பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்ததாக, வண்டியை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லாமல், நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூருக்குப் போங்கள். ஆர்.சி.யில் இருக்கும் முகவரியில் வண்டி எங்கே நின்றது என்று பாருங்கள். தெருவைவிட வீட்டுத் தளம் தாழ்ந்திருக்கிறதா, கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறதா, காம்பவுண்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குப் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்பதெல்லாம் மெக்கானிக்கைவிடத் தெளிவாகப் பேசும் சாட்சிகள். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் "மிக்ஜாம் அப்போ இங்கே எவ்வளவு தண்ணி ஏறிச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். காலைத் தொட்டுக் காட்டியே சொல்வார். இன்னொரு லாபமும் உண்டு. வண்டியை உங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்தால் என்ஜின் சூடாகியிருக்கும். நீங்கள் போனால், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த என்ஜினை உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்ய வைக்கலாம். முன்பே போனில் சொல்லி ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சுத்தம் செய்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் துடைத்துவிடுவார்கள். புது சீட் கவரும் புது மேட்டும் சந்தேகத்துக்குரியவை அல்ல. யாரும் விற்கும்போது அப்படிச் செய்வதுதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இருப்பதைப் பார்க்காமல் விடக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர் வாங்க நினைத்த காரைப் பார்க்கப் போனேன். வாசனைத் திரவியத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டை முழுவதுமாக, இனி வராது என்னும் அளவுக்கு வெளியே இழுத்தேன். அந்தப் பெல்ட் சுருண்டிருக்கும் உருளை கதவுத் தூணின் அடிப்பகுதியில், ஏறக்குறைய தரை மட்டத்தில் இருக்கும்; தினசரி உபயோகத்தில் அதன் கடைசி ஒரு முழம் வெளியே வருவதே இல்லை. அந்த ஒரு முழத்தில் காய்ந்த களிமண் நிறத்தில் கோடு ஒன்று கிடந்தது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் இருந்த ரப்பர் மூடியைப் பெயர்த்தோம். அடியில் வண்டல் மண்ணும், ஒரு வேப்பங்காம்பும், கிழிந்த ஷாம்பு சாஷேயின் மூலையும் இருந்தன. விற்றவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் டிக்கியை மூடினார்.

நீங்களும் அந்த இரண்டு இடங்களில் தொடங்குங்கள். ஐந்து சீட் பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். முன் சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்திலும் அதைப் பிணைத்த போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தாளை விரலால் அழுத்துங்கள். தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது அதுதான், முடை நாற்றமும் அங்கிருந்துதான் வரும். டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்தால் வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்புகள் தெரியும். ஒன்றைக் கழற்றச் சொல்லி, உள்ளே பித்தளைக் காம்புகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததால், அங்கே நின்ற வண்டியாக இருந்தால் கதவு ரப்பரின் உள்மடிப்பில் பிசுபிசுப்பான கறுப்புக் கறை இருக்கும், ரப்பரும் உப்பியிருக்கலாம். உங்கள் வண்டி கொளத்தூர் வண்டி என்றாலும், முகவரி ஓரிடமும் வண்டி நின்றது ஓரிடமுமாக இருப்பது வடசென்னையில் புதிதல்ல.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கார்ப்பெட் நனைந்த அளவோடு நின்று, உடனே கழற்றிக் காயவைத்து, அதற்கான பில்லும் இருந்தால், விலையைக் கணிசமாகக் குறைத்து வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி பல கார்களில் கியர் தண்டுக்கு அருகே தரையோடு பொருத்தப்பட்டிருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். யாரோ அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதன் மின்கோளாறுகள் ஒரேயடியாக வராமல், இன்று பவர் விண்டோ, அடுத்த மாதம் சென்சார் என்று தவணை முறையில் வரும்.

பழுதுச் செலவு, காப்பீட்டு மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை "டோட்டல் லாஸ்" என்று முடிவு செய்து, உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியைப் பழைய வண்டி வாங்குபவர்களிடம் ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். அவை எல்லாமே காயலான் கடைக்குப் போவதில்லை. சில வண்டிகள் புதுப்பேட்டைப் பழைய பாகங்களால் உயிர் பெற்று, வேறு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன. ஓடும்போதே நீர் நிறைந்த சுரங்கப்பாதையில் இறக்கிய வண்டிகள் வேறொரு வகை. காற்று உறிஞ்சும் வழியாக நீர் என்ஜினுக்குள் போனால், அதை அழுத்திச் சுருக்க முடியாததால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, அதன் அடித்தட்டில் நீர் காய்ந்த வளையமோ மண்ணோ இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு பகைவன் உப்புக் காற்று. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் நின்ற வண்டிகளின் மேல்பூச்சு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே அடித்தகடு பொரிந்துபோயிருக்கும். எனவே உங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள், மெக்கானிக்கும் புரோக்கர் கூட்டிவருபவராக இருக்க வேண்டாம். ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் சக்கர வளைவின் உள்புறம், கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள், பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் துருவின்மேல் பட்டி பூசி, கறுப்புத் தார் அடித்திருக்கிறார்கள். கொளத்தூர் உள்ளே தள்ளி இருப்பதால் இந்த வண்டிக்கு இது பெரிய கவலையாக இராது. ஆனால் வாங்கிய பின் அது காலடிப்பேட்டையில்தான் நிற்கப் போகிறது என்பதால், அடிப்பகுதியை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

விபத்துக்குள்ளான வண்டியா என்பதைக் கண்டுபிடிப்பது இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. பானெட்டையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அவற்றைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர், பம்பர் மாற்றுவதெல்லாம் சென்னைப் போக்குவரத்தில் சாதாரணம். அதற்காக ஒரு நல்ல வண்டியைத் தள்ள வேண்டாம். பானெட்டுக்குள் இருபுறமும் இருக்கும் ஏப்ரன் தகடும் கதவுத் தூண்களும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால்தான் விலக வேண்டும். கம்பெனியில் போட்ட ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டவட்டமாக இருக்கும், டிங்கரிங் கடையில் போட்டது அப்படி இராது. எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் உள்ள தயாரிப்புக் குறி ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இனி கிலோமீட்டர். மீட்டரைக் குறைப்பது இன்று மடிக்கணினி வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை என்பதால், அந்த எண்ணைத் தனியாக நம்பாமல் மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்ற பதிவு கிடைக்கும். உரிமையாளரையே கேட்டு வாங்கித்தரச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. வண்டியோடு வந்த டயர்கள் இன்னும் இருந்து பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் 41,000 நம்பக்கூடியது. நான்கும் 2021-இல் மாற்றப்பட்டு, அவையும் இப்போது வழுக்கையாகிவிட்டன என்றால், கணக்கு உதைக்கிறது. பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழவழவென்று ஆகியிருப்பதும் அதே கதையைச் சொல்லும். ஒன்று சொல்ல வேண்டும்: குறைவாக ஓடியதே ஒரு தகுதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெருச்சாளி வயரைக் கடித்துக் குதறியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒழுங்காக சர்வீஸ் செய்து 70,000 ஓடிய வண்டியை நான் தயங்காமல் வாங்குவேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு, தெருவைச் சுற்றி வருவது போதாது. ரெட்டேரியிலிருந்து மாதவரம் போகும் 200 அடிச் சாலையில் ஒரு முறை வேகமாகவும், பிறகு குண்டும் குழியுமான உள்தெருவில் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகவும் ஓட்டுங்கள். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்சம் வெண்புகை வந்து மறைவது இயல்பு. என்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது.

ஆவணங்களுக்கு வருவோம். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் பதிவு எண்ணைக் கொடுத்து, பதிவு தேதி, வண்டியின்மேல் கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதைப் பாருங்கள். நிலுவை அபராதங்களை இ-செல்லான் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவையும் ஒவ்வோர் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும் என்பதால் உங்கள் வண்டிக்கு 2033 மார்ச் வரை கவலையில்லை. கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது "பெயர் மாற்றத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-உம் 30-உம் அதற்கானவை. பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, அவசரப்பட வேண்டியவர் விற்பவர்தான். அவர் அவசரப்படவில்லை என்றால், அவர் எப்போதோ வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டாரா, தேதி போடாத ஃபாரம் கைமாறிக்கொண்டிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். அப்படியானால் "ஒரே உரிமையாளர்" என்பது காகிதத்தில் மட்டும்தான். 2023 ஏப்ரல் 1 முதல், வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதும், வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் விதி. உங்கள் புரோக்கர் வெறும் இடைத்தரகரா, வாங்கி விற்பவரா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் இதில் நேரடி நஷ்டம் உண்டு. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு தொடரும் என்றாலும், உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசியில் பணம் கிடைக்காது. இந்தக் காரணத்தால் மறுக்கப்பட்ட கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மனது கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழி இல்லை. அந்த 20 சதவீத போனஸும் அவருடையது. அது வண்டியோடு வராது, வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

25,000 ரூபாய் அட்வான்ஸை இப்போது கொடுக்காதீர்கள். மேலே சொன்ன கிளெய்ம் விவரம் வந்து, லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள். கொடுக்கும்போதும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, "பெயர் மாற்றத்துக்கான ஆவணங்கள் முழுமையாகக் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வண்டியை எடுக்கும் நாளில் தேதியோடு மணியையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டால், அதற்கு முந்தைய அபராதமோ விபத்தோ உங்கள் தலையில் விழாது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. உங்கள் மாமியாரை அந்த வண்டியின் முன் சீட்டில் ஒரு முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை செய்த முழங்காலுக்குத் தாழ்வான சீட்டிலிருந்து எழுவது ஆட்டோவில் ஏறுவதைவிடச் சிரமமாக இருக்கலாம். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால், இந்த வண்டியை விட்டுவிட்டு, வேகன்-ஆர் போல உயரமாக உட்காரும் அமைப்புள்ள வண்டியாகப் பாருங்கள். அதே விலையில் கிடைக்கும்.